நாற்பத்தொன்றாவது நிமிடம்

மே 3, சனி

இன்று அப்பாவின் வீடியோ டேப்புகளில் முதலாவது டிஸ்கில் ஏறியது. மொத்தம் நாற்பத்தேழு. எண்ணி முடித்துவிட்டு நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறை எண்ணினேன். குறையவில்லை.

அண்ணன் அனுப்பிய மெஷின் நேற்றே வந்துவிட்டது. இடதுபக்கம் டிஸ்க் தட்டு, வலதுபக்கம் வீடியோ கேசட் நுழையும் வாய், இரண்டுக்கும் நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான். கேசட்டையும் டிஸ்கையும் போட்டுப் பொத்தானை அழுத்தினால் இதில் இருப்பது அதில் ஏறிவிடும். யாரோ உபயோகித்துவிட்டுக் கொடுத்தது. "இந்த மாதிரி ரெண்டும் சேர்ந்தது இப்பல்லாம் வர்றதில்ல மேடம். பச்சைக் குழந்தை மாதிரி வச்சுக்கங்க" என்றார் வயர் மாட்டிக் கொடுத்த ரிப்பேர்காரர். இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு பச்சைக் குழந்தை இருக்கிறார், எழுபத்தெட்டு வயதில்.

"பொத்தானை அமுக்கிட்டு நீ பாட்டுக்கு உன் வேலையப் பாரு" என்று அண்ணன் போனில் சொன்னான். தூரத்தில் இருந்துகொண்டு ஆலோசனை சொல்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டு மணி நேர டேப் ஏற இரண்டு மணி நேரம் ஆகிறது. நடுவில் படம் குதித்தால் மெஷின் 'கீச்' என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. யாராவது பக்கத்திலேயே இருந்து, பின்னால் ஓட்டி, மறுபடி பிடிக்க வேண்டும். யாராவது என்றால் யார்? நான்தான்.

எதற்காக இந்தப் பாடு என்று எழுதி வைக்கிறேன். எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. முன்பு மருந்துக் கம்பெனியில் எனக்கு மேலே இருந்த மேடம் இப்போது ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைமை. "எனக்கு உன்னை மாதிரி கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கிற ஆள் வேணும்" என்று சொல்லி, அங்கிருந்து எனக்கு வேலைக் கடிதம் அனுப்ப வைத்தார். ரயிலில் ஏழு மணி நேரம். விடுதியில் தனி அறை. ஜூன் 16, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சேர வேண்டும். அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக அக்கா ஒத்துக்கொண்டாள். அப்பாவும் ஒத்துக்கொண்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு. "டேப் எல்லாம் டிஸ்க்ல ஏறட்டும். அப்புறம் வர்றேன்." அக்கா வீட்டுப் புது டிவியில் இந்த மெஷினின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களைச் செருக ஓட்டையே இல்லை. அங்கே இருக்கும் பிளேயரில் டிஸ்க் மட்டும்தான் ஓடும்.

ஒரு நாளைக்கு இரண்டு டேப். மே மாதத்துக்குள் முடிந்துவிடும்.

மே 5, திங்கள்

மெஷினோடு வந்த கையேட்டை அப்பா ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டார். முப்பத்திரண்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். பென்சிலை இடதுகையில் பிடித்துக்கொண்டு பதினொரு எழுத்துப்பிழைகளைச் சுழித்து வைத்திருக்கிறார். பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. வலதுகை ஒத்துழைக்காது, வலதுகால் கம்போடு ஒத்துழைக்கும். கண் மட்டும் முன்னைவிடக் கூர்மையாகிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

நானும் புரட்டினேன். பக்கம் 38-இல் ஒன்று இருந்தது, ஃபைனலைஸ் என்று. பதிவு முடிந்ததும் அதைக் கொடுத்து டிஸ்கை மூடிவிட வேண்டும். மூடினால்தான் வேறு மெஷின்களில் ஓடும். மூடிய பிறகு எதையும் சேர்க்க முடியாது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

"இப்பவே ஏன் மூடறே? எடம் மிச்சம் இருந்தா சேத்துக்கலாம்ல" என்றார்.

அதுவும் சரிதான். கடைசியில் மொத்தமாக மூடிக்கொள்ளலாம்.

மே 8, வியாழன்

ஆறு நாளாக வாசற்படி தாண்டவில்லை.

மே 9, வெள்ளி

அப்பாவுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் பிசியோ அம்மா வந்தார், செவ்வாயன்று வரவில்லை. செவ்வாயும் வெள்ளியும் அவர் வரும் முக்கால் மணி நேரம்தான் எனக்கு வெளியே போக வாய்க்கும். மருந்துக்கடை, காய்கறி, ஓட்டமாகத் திரும்பி வந்தேன். தெருமுனையில் ஒரு புதுக் கட்டடம் எழும்பியிருக்கிறது, மூன்றாவது மாடிவரை. எப்போது கட்டினார்கள்?

அப்பா வலதுகையால் தினமும் எழுதிப் பழக வேண்டுமாம். என்ன எழுதுவது? "டேப்பெல்லாம் லேபிள் மங்கிப் போச்சு. நான் புதுசா எழுதி ஒட்டறேன்" என்று அப்பாவே சொன்னார். எனக்கு ஒரே சந்தோஷம். ஒட்டும் தாள் நான்கு கட்டு வாங்கிக் கொடுத்தேன். ஒரு லேபிளுக்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது. எழுத்து கோணல்மாணலாக ஓடுகிறது, ஆனால் ஒரு பிழை கிடையாது.

மே 11, ஞாயிறு

இன்று அம்மா இருக்கும் டேப்புகள். அம்மா போய்ப் பதினொரு வருடம் ஆகிறது.

துணி காயப்போடுகிறாள். கேமராவைப் பார்த்துவிட்டு, "போதும், நிறுத்துங்க" என்கிறாள். அடுத்த டேப்பில் பாத்திரம் துலக்குகிறாள். "போதும், நிறுத்துங்க." ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கிறாள். "போதுங்கிறேன்ல." அச்சக முதலாளி வாங்கி, அலுத்துப்போய், அப்பாவிடம் தள்ளிவிட்ட கேமரா அது. தோளில் தூக்கி வைத்தால் அப்பா இறக்கவே மாட்டார். விசேஷம் எதுவும் இல்லாத நாள்களைத்தான் அதிகம் எடுத்திருக்கிறார். மழை பெய்கிறது, இருபது நிமிடம். நான் தரையில் கவிழ்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறேன், அரைமணி நேரம். யார் பார்ப்பார்கள் இதையெல்லாம்?

அப்பா பார்க்கிறார். ஒரு நொடி விடாமல். எனக்கும் பக்கத்தில் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார். "குட்டி, வா, இந்த இடம் நல்லாருக்கும்." நாற்பத்துமூன்று வயதில் நான் இந்த வீட்டில் மட்டும்தான் குட்டி.

மே 15, வியாழன்

இன்று முழுக்க ஒரு டேப்போடு மல்லுக்கட்டினேன். அக்கா கல்யாணம் முடிந்து புறப்பட்ட நாள். நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் மெஷின் கீச்சிட்டு நின்றது. திரையில், 'இதைப் பதிவு செய்ய அனுமதி இல்லை.' மறுபடி ஓட்டினேன். அதே நாற்பத்தொன்று. நான்கு தடவை. நான்கு தடவையும் அனுமதி இல்லை.

"எடுத்தவனே சொல்றேன், அனுமதி உண்டு" என்றார் அப்பா மெஷினைப் பார்த்து.

ரிப்பேர்காரருக்குப் போன் செய்தேன். கடையில் விற்கும் சினிமா கேசட்டை இந்த மெஷின் காப்பி எடுக்க விடாதாம். வீட்டு டேப்பில் படம் ரொம்ப ஆடினால், அதையும் கடைக் கேசட் என்று நினைத்துக்கொண்டு அடம்பிடிக்குமாம். "அந்த எடத்தைத் தாண்டி விட்டுப் பிடிங்க மேடம். கொஞ்சம் போனா போகட்டும்."

அந்த இடம் என்ன தெரியுமா? கார் கிளம்புகிறது. அக்கா பின்கண்ணாடி வழியாகக் கையசைக்கிறாள். படம் ஒரு சுற்றுச் சுற்றித் தரையில் விழுகிறது. அப்புறம் நான்கு நிமிடம் ரோடு செங்குத்தாக நிற்கிறது, செருப்புக் கால்கள் சுவரில் நடப்பதுபோல் நடக்கின்றன. அம்மாவின் குரல் மட்டும் கேட்கிறது. "அட, பக்கத்து ஊருக்குத்தானே போறா. என்ன இது, சின்னப் பிள்ளையாட்டம்."

"கேமரா எப்படிப்பா விழுந்தது?"

"கை நழுவிருச்சு."

நாற்பத்தைந்தாவது நிமிடத்திலிருந்து பிடித்தேன்.

மே 18, ஞாயிறு

இருபத்தெட்டு முடிந்தது. முடிந்த டேப்புகளை அட்டைப் பெட்டியில் போட்டு அப்பாவின் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

மேடத்துக்கு, வருகிறேன் என்று பதில் எழுதிப் போட்டாயிற்று. போட்டுவிட்டு வந்ததும் கை சில்லிட்டிருந்தது. சந்தோஷம் என்றால் இப்படியா இருக்கும்? பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

மே 21, புதன்

"டிவியை அணைச்சுடு குட்டி. கண்ணு எரியுது" என்றார் அப்பா. டிவி ஓடாவிட்டாலும் பதிவு நடக்கும். மெஷினின் முகப்பில் நிமிடம் ஓடுகிறது, நின்றால் காரணமும் வருகிறது, அதைப் பார்த்துக்கொண்டால் போதும். விட்டது தொல்லை என்று அணைத்தேன். ஒரு வாரமாக நானும் என் பள்ளிக்கூடச் சடையைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

மே 24, சனி

அக்காவுக்கு அவசரம். முடிந்தவரை அனுப்பு என்றாள். இருபது டிஸ்க்குகளை உறையில் போட்டு கூரியரில் கொடுத்தேன். பிசியோ நாள் இல்லை என்பதால் அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போனேன். இருபது நிமிடம். திரும்பி வந்தபோது நாற்காலியில் அதே இடத்தில் அதே கோணத்தில் உட்கார்ந்திருந்தார். "வந்துட்டியா" என்றார். அதில் குற்றச்சாட்டு எதுவும் கிடையாது. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மே 28, புதன்

முடிந்தது! நாற்பத்தேழாவது டேப் மதியம் மூன்றே காலுக்கு முடிந்தது. அப்பாவுக்கும் எனக்கும் டீ போட்டு, வெளியே காய்ந்துகொண்டிருந்த என் பயணப் பெட்டியைத் தூசி தட்டி உள்ளே கொண்டுவந்தேன். அப்பா அதைப் பார்த்தார். டீயைக் குடித்தார். குடித்து முடித்துவிட்டு, "கட்டிலுக்கடியில துணிமூட்டைக்குப் பின்னால இன்னும் ஒரு நாலு இருக்கும் பாரு" என்றார்.

இருந்தது. நான்கும் புது லேபிளோடு. மழை, இரண்டாம் பாகம். சுவர் கட்டுதல். பூங்கா. தோட்டத்துப் பூனை.

"முன்னாடியே சொல்லக்கூடாதாப்பா?"

"ஞாபகம் வந்தாத்தானே சொல்ல முடியும்."

பெட்டியை அலமாரிமேல் ஏற்றிவிட்டேன்.

மே 29, வியாழன்

அக்கா போன் செய்தாள். இருபதில் ஒன்றுகூட ஓடவில்லை. "டிஸ்க் இல்லைன்னு வருதுடீ. பக்கத்து வீட்டுலயும் போட்டுப் பாத்துட்டோம். என்னதான் பண்ணே?"

"எனக்கென்ன தெரியும்? இங்க நல்லாத்தான் ஓடுது. அந்த மெஷினுக்கு ஏதோ கோளாறு."

"ஏதாவது அமுக்காம விட்டுட்டியா?"

"எல்லாம் சரியாத்தான் அமுக்கினேன்."

இங்கே போட்டுப் பார்த்தேன், மீதமுள்ள டிஸ்க்கெல்லாம் கண்ணாடிபோல் ஓடுகிறது. இந்த வீட்டில் மட்டும் ஓடுகிறது. என்ன கோளாறோ.

ஜூன் 2, திங்கள்

மேடம் கூப்பிட்டார். "பதினாறாம் தேதி வந்துருவேல்ல? இடத்தை நான் எத்தனை நாள் பிடிச்சு வைக்க முடியும்?"

வந்துவிடுவேன் என்றேன். சொல்லும்போது அப்பா ரேடியோவைக் குறைத்தார்.

ஜூன் 3, செவ்வாய்

நான்கையும் முடித்தேன். இன்னும் ஐந்து கிடைத்தன. அலமாரிக்குப் பின்னால். எங்கிருந்து முளைக்கின்றன இவை? ஒரு டேப் போடுகிறேன், இரண்டு மணி நேரம். எழுந்து அரிசி களைகிறேன், கீச். வந்து பார்க்கிறேன். துணியை எடுக்கப் போகிறேன், "குட்டீ" — என்னப்பா? "ஒண்ணுமில்ல. இருக்கியான்னு பாத்தேன்." இருக்கிறேன். இருக்கிறேன். எங்கே போய்விட்டேன்! ஜன்னல் கம்பி எத்தனை என்று எனக்குத் தெரியும். இடதுபக்கம் ஏழு, வலதுபக்கம் ஆறு. ஒன்று ஏன் குறைகிறது?

அக்கா: "டேப் முடியட்டும், அப்புறம் அவர வந்து கூட்டிட்டுப் போறேன்." அண்ணன்: "அவசரப்பட்டு அரைகுறையா பண்ணிராதே, அப்பாவோட பொக்கிஷம்." அப்பா: "மெதுவா ஆகட்டும்." ஆளாளுக்கு நல்லவர்கள். இதில் யாரைப் பிடித்துத் திட்டுவது?

ஜூன் 6, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கடைசி டேப். ஐம்பத்தாறாவது. லேபிளில் 'அச்சக ஆண்டு விழா' என்று இருந்தது. பொத்தானை அழுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்க் காய் நறுக்கினேன். டிவி வழக்கம்போல் அணைத்திருந்தது. பாதியில் கீச் என்றது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து முகப்பைப் பார்த்தேன்.

0:41.

அனுமதி இல்லை.

நான் பதினான்கு வருடம் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். ஒரே எண் இரண்டு தடவை வந்தால் தற்செயல் என்று தாண்டிப் போகமாட்டேன். டிவியைப் போட்டு, டேப்பைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினேன். ரோடு செங்குத்தாக நின்றது. செருப்புக் கால்கள் சுவரில் நடந்தன. "அட, பக்கத்து ஊருக்குத்தானே போறா" என்றாள் அம்மா.

"அப்பா. இது அக்கா புறப்பட்ட டேப்."

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"லேபிள்ல அச்சக ஆண்டு விழான்னு போட்டிருக்கு."

"எழுதிப் பழகச் சொன்னாங்கல்ல."

"எத்தனை டேப்புக்கு இப்படிப் பழகினீங்க?"

"ஒம்பது" என்றார்.

கட்டிலுக்கு அடியில் குனிந்து, முடிந்த டேப்புகளின் பெட்டியை இழுத்தேன். நான் எப்போதோ இறுக்கி அடுக்கியது. இப்போது இடம்விட்டுக் கலகலத்தது. கம்பை ஊன்றிக்கொண்டு, ஒரு கையால், நான் குளிக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார். பழைய லேபிளை நகத்தால் சுரண்டி, புதிதாய் எழுதி, ஒட்டி, மூட்டைக்குப் பின்னால் வைத்து, அப்புறம் எனக்கு ஞாபகப்படுத்தியிருக்கிறார். பூனை டேப்பில் பூனையே இருந்திருக்காது. ஒன்பது டேப், பதினெட்டு மணி நேரம் அரைத்த மாவையே அரைத்திருக்கிறேன்.

கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். "போகாதேன்னு வாயத் திறந்து சொல்லிட வேண்டியதுதானேப்பா! எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்? நான் என்ன ஓடியா போறேன்? சொல்லிட்டுத்தானே போறேன்! ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ இருந்துருவே" என்றார் அப்பா. "அதான் சொல்லல."

அப்பாவின் வலதுகைக் கட்டைவிரலைப் பார்த்தேன். விரலில் லேபிள் பசை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்படியே அழுதுவிட்டுப் போயிருந்தால் நான் நல்ல பெண்ணாக இருந்திருப்பேன். ஆனால் அப்பா விடவில்லை. பிழை திருத்துகிறவராயிற்றே.

"நான் லேபிள மாத்தினேன். ஒத்துக்கிறேன். நீ ஏன் மூடல?"

"எதை?"

"டிஸ்கை. பக்கம் முப்பத்தெட்டு. நீதானே எனக்குப் படிச்சுக் காட்டினே. அக்கா போன் பண்ணப்ப, எனக்கென்ன தெரியும்னே. நான் இங்கதான் உக்காந்திருந்தேன்."

"மறந்துட்டேன்."

"நீயா?" என்றார். "பதினாலு வருஷம் ஒரு சொட்டு கூடவா குறையவான்னு பாத்தவ. நீ மறக்கற ஆளா?"

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

ஜூன் 7, சனி

மே 5 எழுதிய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். 'மூடினால்தான் வேறு மெஷின்களில் ஓடும்.'

தெரிந்தே அனுப்பியிருக்கிறேன். அன்று கூரியர் கடையில் உறையை ஒட்டும்போதுகூட ஒரு நொடி மனதில் வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டேன். மே 29-இல் 'என்ன கோளாறோ' என்று எழுதியிருக்கிறேன். வேறு யாரும் படிக்காத நோட்டில் யாருக்காக இந்தப் பொய்?

எனக்குப் பயம். எழுதிவிட்டேன், இனி அழிக்கப்போவதில்லை. மூன்று வருடமாகக் கண்ணாடிக்குழல் எதையும் தொடவில்லை. என்னைவிட இருபது வயது குறைந்தவர்கள் அங்கே இருப்பார்கள், புது மெஷின்கள் இருக்கும், நான் ஒரு தப்புச் செய்தால் மேடத்தின் முகம் எப்படிப் போகும்? இங்கே அப்படி எந்தப் பரீட்சையும் கிடையாது. அப்பாவுக்காக இருக்கிறேன் என்றால் ஊரே தலையசைக்கும். பாவம், நல்ல பொண்ணு. அந்தப் பேருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எவ்வளவு சௌகரியம்! கதவை அப்பாதான் பூட்டினார் என்று ஒரு மாதமாகப் பொருமினேன். உள்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டது நான்தான்.

அப்பாவோடு இன்று பேசவில்லை. அவரும் பேசவில்லை. டீ மட்டும் இரண்டு தடவை கொண்டுபோய் வைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் அப்பா போனை எடுத்து, இடதுகையால், தப்புத்தப்பாக மூன்று தடவை அழுத்தி, அக்காவைப் பிடித்தார்.

"அந்த இருபது டிஸ்கையும் எடுத்துக்கிட்டு நீயே வா. இங்க வச்சு மூடினாத்தான் அது ஓடும். போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ... ஆமா, எல்லாம் முடிஞ்சுது... இல்ல, இனிமே எதுவும் கிடைக்காது."

என்னைப் பார்க்காமலே போனை வைத்தார். நான் கேட்டதுதானே கிடைத்தது. பிறகு ஏன், வேண்டாம்பா, ரத்து பண்ணுங்க என்று வாய்வரை வந்தது? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டாம் முறை ஏறியவற்றை ஒதுக்கிவிட்டு, இங்கே இருக்கும் இருபத்தேழையும் மூட ஆரம்பித்தோம். ஒவ்வொரு டிஸ்குக்கும் மெஷின் கேட்கிறது, 'மூடிய பிறகு மாற்ற முடியாது. சம்மதமா?' ஆம், இல்லை. ஒன்றை மூட ரிமோட்டில் மூன்று பொத்தானை வரிசையாக அழுத்த வேண்டும். அப்பா ரிமோட்டை வலதுகையில் வைத்துக்கொண்டார். பிசியோ அம்மா, "நல்ல பயிற்சி ஐயா, பண்ணுங்க" என்று உற்சாகப்படுத்தினார். அவருக்கு என்ன தெரியும்!

ஒன்றுக்கு நான்கு நிமிடம் பிடிக்கிறது. முதல் மூன்றும் சட்டென்று போனது. நான்காவது, அம்மா துணி காயப்போடுவது. அப்பாவின் கட்டைவிரல் பொத்தான்மேலேயே நின்றது. அழுத்த முடியவில்லையா, மனசு வரவில்லையா என்று நான் கேட்கவில்லை. என் விரலை அவர் விரல்மேல் வைத்து அழுத்தினேன்.

"வலிக்குதாப்பா?"

"மூடறதுக்கு மூணு பொத்தான் எதுக்கு? ஒண்ணு வச்சாப் போதாதா?" என்றார்.

சிரித்துவிட்டேன். நான்கு நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

ஜூன் 13, வெள்ளி

அக்கா வந்துவிட்டாள். வாசலிலேயே, "உனக்குத் தெரிஞ்சே அனுப்பினியா?" என்று கேட்டாள். அப்பா ஒப்பித்திருக்கிறார்போல.

"ஆமா."

"லூசு" என்றாள். அப்புறம் என் கையிலிருந்த டிஸ்க் பெட்டியை வாங்கி, "கை ஏன் இப்படி மெலிஞ்சிருக்கு? இங்க நீ சாப்பிட்டியா இல்லையா? நான் வந்து பாத்திருக்கணும்" என்றாள். அக்கா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. மூன்று வருடமாக நானும், வா என்று ஒரு தடவைகூட அவளைக் கூப்பிட்டதில்லை. எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே அவளைத் தள்ளி நிறுத்தியிருக்கிறேன்.

இருபது டிஸ்கையும் அவளே மூடினாள். அவள் புறப்பட்ட டேப்பை டிவியில் போட்டுப் பார்த்தாள். கேமரா விழுந்த இடத்தில் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "கை நழுவிருச்சு" என்றார் அப்பா.

ஜூன் 14, சனி

பதினோரு மணிக்குக் கார் வந்தது. அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து, கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்து, பெல்ட் மாட்டினேன். மாத்திரைப் பட்டியலை அக்காவிடம் மூன்றாவது தடவையாக விளக்கினேன். அவள், "போதும்டி" என்றாள்.

"எத்தனை மணிக்கு ரயில்?" என்று கேட்டார் அப்பா.

"நாளைக்குக் காலைல ஏழு."

"தூங்கிறாதே."

"சரிப்பா."

"முதல் நாளு தப்பு வரும். வரட்டும். ரெண்டாவது தடவை படிச்சா சரியாப் போயிரும்."

கார் கிளம்பியது. கையசைத்தேன். உள்ளே வந்தேன். அப்பா குடித்த டம்ளரில் இரண்டு வாய் டீ மிச்சமிருந்தது. அதைக் கழுவும்போதுதான் அழுகை வந்தது, குழாயை நிறுத்த வேண்டும் என்றுகூடத் தோன்றாத அளவுக்கு.

ஜூன் 16, திங்கள்

ஒன்பதரைக்கே போய்விட்டேன். முதல் தண்ணீர் மாதிரியைத் தப்பாகக் குறித்தேன். மேடம் பார்த்துவிட்டு, "திரும்பப் பண்ணு" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 22, ஞாயிறு

அக்காவோடு பேசினேன். அப்பா இன்னும் ஒரு டிஸ்க்கூடப் போடச் சொல்லவில்லையாம். அக்கா வீட்டுக்காரரோடு உட்கார்ந்து செய்தித்தாளில் பிழை பிடித்துக்கொண்டிருக்கிறாராம், அந்த மனுஷனுக்குத் தலைவலியே வந்துவிட்டதாம். "உன்னைக் கேட்டார்" என்றாள். என்ன கேட்டார் என்றேன். "இருக்காளான்னு கேட்டார். அங்க நல்லா இருக்காளான்னு கேக்க வந்திருப்பார், பாதியில நிறுத்திட்டார்."

அடுத்த மாதம் இரண்டாவது சனி, ஞாயிறு போவதாக இருக்கிறேன்.

ஜூன் 28, சனி

அரைநாள்தான் வேலை. அறைக்கு வந்து, சாப்பிட்டு, கொஞ்சம் படுக்கலாமென்று படுத்தேன். கண் விழித்தபோது மணி ஐந்தரை. மூன்று மணி நேரம்! பதறியடித்து எழுந்து உட்கார்ந்தேன். செருப்பில் ஒரு காலைக்கூட நுழைத்துவிட்டேன். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. செய்ய வேண்டியதென்று எதுவும் இல்லை. பக்கத்து அறையில் யாரோ பெருக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, மறுபடி படுத்துக்கொண்டேன்.